படகின் ஆறாவது ஆள்

ஒட்டடைக் கம்பைத் துடுப்பாகப் பிடித்துக்கொண்டு அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

கைப்பேசியில் பயிற்சி வீடியோ ஓடியது. துடுப்பை முன்னால் வலி. பின்னால் வலி. பாறை வந்தால் குனி.

குனிந்தாள். ஐம்பத்திரண்டு வயது முதுகு முரண்டு பிடிக்கவில்லை.

எதிரே, நாளிதழுக்குப் பின்னால் கணவரின் தலையும் குனிந்தது. தூங்கி விழுகிறார் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை குடகுக்குப் பயணம். மழை பிடித்துவிட்டதால் மலையாறு நுரைத்துக்கொண்டு இறங்குகிறதாம். ரப்பர் படகுக்கு ஆறு பேர் வேண்டும். அவளும் அலுவலகத் தோழிகள் நால்வரும் தயார்.

இன்று மாலை ஆறு மணிக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால், மீதி இடத்தில் முன்பின் தெரியாத யாரையாவது ஏற்றிவிடுவார்கள்.

அந்த இடத்தில் யார் உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஆனால் ஆள் அப்படி. கல்யாணமான புதிதில் குற்றாலம் வரை போய், லாட்ஜ் பாத்ரூமில் வாளியில் குளித்துவிட்டு வந்த மகான்.

மூன்று முறை கேட்டாள்.

"நீ போய்ட்டு வா கண்ணு. நான் வூட்டப் பாத்துக்கறேன்."

மூன்று முறையும் இதேதான்.

மேசையில் படிவத்தை விரித்தாள். தோழிகளின் விவரங்களை எழுதினாள். பிறகு தன் வரி. எடையில் மட்டும் இரண்டு கிலோவை விழுங்கிவிட்டாள்.

அடுத்த கட்டத்தில் அச்சடித்திருந்தது: அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், படகில் வராத ஒருவர்.

மயில்சாமி, கணவர்.

எழுதும்போது மனசு கொஞ்சம் வலித்தது. ஆறாவது வரி அப்படியே கிடந்தது. காபி போட எழுந்து போனாள்.

இரண்டு டம்ளர்களோடு திரும்பியபோது ஒட்டடைக் கம்பு அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தது.

படிவத்தில் மயில்சாமியை யாரோ கோடு போட்டு அடித்திருந்தார்கள். மேலே, கோணல்மாணலான அந்தப் பழகிய கையெழுத்து.

ரெஜினா டீச்சர், பக்கத்து வீடு.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நல்லவேளையாக டம்ளர்களை மேசையில் வைத்துவிட்டிருந்தாள்.

நாளிதழ் விலகவில்லை. அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"என்ற மூக்குக்கண்ணாடி தண்ணியில போயிரும். கட்டிக்கக் கயிறு ஒண்ணு வாங்கோணும்."

மணி ஐந்து ஐம்பது. அவள் பேனாவைத் தேடி எடுத்து ஆறாவது வரியில் வைத்தாள்.

"ஏனுங்க, உங்க எடை எத்தனைங்க?"

"நீ எத்தனை கொறச்சுப் போட்டியோ, அதே கணக்குல போடு."