உலைக்கூடத்தில் ஒருவர்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு அணு உலையை மைசூரு மாணவர்களும் திரைவழியே பயன்படுத்திப் படிக்க ஏற்பாடு செய்தவர் பேராசிரியர் கேசவமூர்த்தி. அந்த உலையை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை தீராமலே, போன மாதம் இறந்துபோனார். முதல் வகுப்பில் அவர் மகள் அக்ஷதாவும் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் உலையை இயக்குபவர் தயங்கினார். "உலைக்கூடத்துக்குள் ஒருவர் இருப்பதாக வாசலில் ஆள் எண்ணும் கருவி காட்டுகிறது. உள்ளே யாருமில்லை. ஆனாலும் எண் பூஜ்யமாகாமல் தொடங்க முடியாது."

உள்ளே போய்த் தேடிவிட்டு வந்தார். எண் மாறவில்லை.

அக்ஷதா எழுந்து மைக்கை வாங்கினாள். "அப்பா, பாத்தது போறும். வெளியே வாங்கோ. கிளாஸ் ஆரம்பிக்கணும்."

திரையில் கதவு திறந்து மூடியது. எண் பூஜ்யமானது.

அக்ஷதா பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.