உள்ளே மூன்று கோடு

“மோதிரத்தைக் கழட்டிக் கொடுங்க சார். அந்தச் சிவப்புக் கல்லு கண்ணாடியான்னு பிள்ளைங்க பார்க்கட்டும்” என்றாள் கல்லக்கா.

நகைக்கடை முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் என்று பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து, ஐந்தாம் வகுப்பில் உட்காரவைத்து, இப்படியா கேட்பது! அதுவும் இவள்!

பிள்ளைகளுக்கு அவள் கல்லக்கா. மாதம் ஒருமுறை வந்து ரத்தினக் கற்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் கடையில் கல் சோதிக்கிற வேலையில் இருந்தாள். நகையைச் சரிசெய்யக் கொடுத்த ஒருவருக்கு, மாணிக்கத்துக்குப் பதில் கண்ணாடி திரும்பிப் போனது. “இவதான் மாத்திட்டா, திருடி!” என்று நாக்கு கூசாமல் சொல்லி அவளைத் துரத்தினார் முதலாளி. அதன்பிறகு எந்தக் கடையும் அவளைச் சேர்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அவளுக்கு அடங்கவில்லை.

போலி என்று காட்டி மானத்தை வாங்கப் பார்க்கிறாளாக்கும்! முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. போயும் போயும் இந்தக் கல்லிலா?

“தாராளமா பாருங்க. எங்க தாத்தா காலத்துக் கல்லு” என்று கழற்றி நீட்டினார்.

“கண்ணாடின்னா உள்ள காத்துக் குமிழி உருண்டையா தெரியும்” என்றாள் கல்லக்கா. “நிஜக் கல்லுன்னா கோடு, புள்ளின்னு ஏதாவது இருக்கும். ஒரு கல்லுல இருக்கிற மாதிரி இன்னொண்ணுல இருக்காது. அதனாலதான் கடையில வேலை பார்த்தப்போ, சரிசெய்யக் கொடுக்கிற கல்லை வாங்கும்போதே ரசீதுல அதை வரைஞ்சு கொடுப்பேன். நீங்களும் பார்க்கிறதை வரைங்க.”

பூதக்கண்ணாடிக்கு அடிதடியே நடந்தது.

“அக்கா, குமிழியே இல்ல!”

“மூணு கோடு! ஓரத்துல மீன்முள்ளு மாதிரி ஒண்ணு!”

முதலாளி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “கேட்டியாம்மா? அசல் கல்லு! இப்ப மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கப்போற?”

கல்லக்கா பிள்ளைகள் வரைந்த தாள்களை வாங்கி, கடைசி பெஞ்சில் இருந்த தலைமையாசிரியையிடம் கொடுத்தாள். அந்த அம்மா கைப்பையிலிருந்து மடிப்பு கிழிந்த ஒரு ரசீதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரசீதிலும் மூன்று கோடு, ஓரத்தில் மீன்முள். மேலே முதலாளியுடைய கடையின் பெயர்.

முதலாளியின் கை அவசரமாக மோதிரத்தை நோக்கிப் போனது.

“தொடாதீங்க” என்றார் தலைமையாசிரியை. “அது எங்கம்மாவோட மாணிக்கம்.”