கம்பிவேலிக்குள் ஓர் அரசங்கன்று

முள்கம்பிக்கு வெளியே நின்று பேச்சித்தாய் அந்த அரசங்கன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் அரிவாள்.

வேலி போட்ட வருஷம் அதற்கு நாலே இலை. இப்போது அவள் மணிக்கட்டுப் பருமன்.

வேர் கற்கோயிலின் வடக்குச் சுவருக்குள் இறங்கியிருந்தது. போன மழைக்கு இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு விரல் நுழைந்தது. இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு உள்ளங்கையே நுழையும் போலிருந்தது. அந்தக் காலத்து எழுத்துகள் வரிவரியாக வெட்டியிருந்த சுவர்.

சாமி இல்லாத கோயில். எந்த ராஜா கட்டினான் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பக்கத்து வயலுக்குக் களையெடுக்க வருகிற பேச்சித்தாய் அதன் நிழலில்தான் கஞ்சி குடிப்பாள். குடித்த கையோடு சுவரைச் சுற்றி வந்து, முளைத்த கன்றுகளை வேரோடு பிடுங்குவாள். வேர் அறுந்து உள்ளே தங்கிவிட்டால், அது மறுபடி துளிர்க்காமல் பட்டுப்போகப் பெருங்காயத்தை உருட்டி அந்த இடுக்கில் திணிப்பாள்.

இருபது வருஷப் பழக்கம். யாரும் அவளைச் செய்யச் சொன்னதில்லை.

பிறகு ஓடைப் பாலத்துக்கென்று ஒரு காண்டிராக்டர் கோயிலின் முன்மண்டபக் கல்லை வண்டி வண்டியாகப் பெயர்த்துக்கொண்டு போனான். சர்க்காருக்கு ஒரு மனு போனது. பழைய கட்டடங்களைக் காக்கப் புதுச் சட்டம் வந்திருந்த நேரம். வண்டிகள் நின்றன. வேலி வந்தது. உள்ளே எதைத் தொட்டாலும் தண்டனை என்று பலகை வந்தது. காவலுக்குத் தலையாரி காசிலிங்கம் வந்தான். அவளுக்குக் கொழுந்தன் முறை.

"கொழுந்தப்பிள்ள, ஒரு நிமிசம் அங்கன திரும்பி நில்லும். வெட்டிட்டு வந்திருதேன்."

"நான் திரும்பிருவேன் மைனி, பலகை திரும்புமா? ஆட்டப் பத்த உள்ள கால வச்ச கோமுவ ஒரு பகல் முழுக்கத் தாலுகா கச்சேரி வாசல்ல நிக்க வச்சிட்டாவ. வெட்டணும்னா மதராஸ்லருந்து உத்தரவு வரணும்."

"அப்பம் இந்த வேருக்கும் ஒரு உத்தரவு போடச் சொல்லும். வளராம நிக்குதான்னு பாப்பம்."

சுவருக்குள் ஏதோ நறநறத்தது. எழுத்திருந்த கல் ஒன்று பையப் புரண்டு, சகதியில் குப்புற விழுந்தது.

பேச்சித்தாயின் கை கம்பியை இறுகப் பற்றியது. முள் குத்தியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

காசிலிங்கம் ஓடி வந்து பார்த்தான். தலைப்பாகையை உருவித் தரையில் அடித்தான்.

"எந்தப் பய மைனி சர்க்காருக்கு மனுப் போட்டது? அவன் கை விளங்குமா!"

பேச்சித்தாய் முள்ளிலிருந்து கட்டைவிரலை விடுவித்துக்கொண்டாள்.

தேவதாசன் வாத்தியார் மனுவை எழுதி, ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டிய அன்று, காண்டிராக்டருக்குப் பயந்து கையெழுத்துப் போடாமல் ஊரே ஒதுங்கிக்கொண்டது. பிறகு யாருக்கும் தெரியாமல் அதில் விழுந்தது அவளுடைய கைநாட்டு மட்டும்தான்.