இரண்டு கை போதும்

வெளிநாட்டு நகரமான விரியில் உள்ள பொதி கட்டும் தொழிற்சாலையில், தேநீர் நேரத்தில் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார்.

கம்பனி கொடுக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸைச் சுருக்கப் போகிறார்களாம். மனநோய்ச் சிகிச்சை அதில் இருந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையாம்.

“வேண்டுமென்று இரண்டு பேர் கையை உயர்த்தினால் போதும், விட்டுவைக்கிறேன்.”

தில்லையம்பலம் கையைத் தூக்கப் பார்த்தார். மகள் ராகவி மாதக்கணக்காகச் சுவரோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் பக்கத்தில் விநாயகமூர்த்தி இருந்தார். அவருடைய மகன் பிருந்தனுக்குத்தான் ராகவியைப் பேசியிருந்தார்கள். சாதகமும் பொருந்திவிட்டது.

விநாயகமூர்த்தி திரும்பிப் பார்த்தார். “உங்களுக்கு உது வேணுமே, அண்ணை?”

“எங்களுக்கேன் உந்தக் கண்டறியாத வைத்தியம்? உங்களுக்கு?”

“சீச்சீ! எங்கட பரம்பரையிலயே அது இல்லை.”

ஒரு கையும் உயரவில்லை.

தனியார் டாக்டருக்குக் கொடுக்கத் தில்லையம்பலத்திடம் வழியில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ராகவியின் முறை வருவதற்குள் ஒரு வருடம் போய்விட்டது. அவளுக்கு இப்போது அப்பாவையே அடையாளம் தெரியவில்லை. நல்ல காலம், கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிச் சம்பந்தி வீட்டாரே கேட்டிருந்தார்கள்.

மகளின் கையை இறுக்கிப் பிடித்தபடி, தலை குனிந்துகொண்டு, மனநோய்ப் பிரிவின் வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

தாதி கதவைத் திறந்து, வாய்க்குள் நுழையாத ஒரு பெயரைத் திக்கித் திக்கி வாசித்தாள்.

“பிருந்தன்... விநாயக...”

கடைசி வாங்கில் விநாயகமூர்த்தி கையை உயர்த்தினார்.