நாற்பது குதிரை எஞ்சின்

ஆற்றில் ஒரு சின்னப் படகு இருந்தது. நாலு பேர் உட்காரலாம். பின்பக்கம் பத்து குதிரைசக்தி எஞ்சின் ஒன்றை மாட்டியிருந்தார்கள். கால்மணி நேரத்தில் அக்கரைக்குப் போய்விடும்.

பக்கத்தில் நாற்பது குதிரை எஞ்சினோடு ஒரு படகு வந்து நின்ற நாளிலிருந்து, சின்னப் படகுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதன் சொந்தக்காரர் சூசைமுத்துவுக்கும் அப்படித்தான். பத்தைக் கழற்றிப் படித்துறையில் வைத்துவிட்டு, அவரும் ஒரு நாற்பதை வாங்கி மாட்டினார்.

மாட்டியதும் படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கியது. மூக்கு வானத்தைப் பார்த்தது.

“அண்ணே, கொஞ்சம் எடையைக் குறைச்சுக்கக் கூடாதா?” என்று கேட்டது படகு.

“என் எடை இவ்வளவுதான். வேணும்னா முன்பக்கம் கனம் ஏத்திக்க,” என்றது நாற்பது.

சூசைமுத்து முன்பக்கம் ஆறு மணல் மூட்டைகளை அடுக்கினார். படகு நேராக நின்றது. ஆனால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல்கூட இல்லை. கொஞ்சம் வேகம் எடுத்தாலும் ஆறு உள்ளே வந்தது. அதனால் வேறு யாரையும் ஏற்றாமல், சூசைமுத்து மட்டும் மெல்லப் போய் மெல்லத் திரும்பினார்.

“ஏம்மா இவ்வளவு நேரம்?” என்று படித்துறையிலிருந்து கேட்டது பத்து.

“மூட்டை ஒவ்வொண்ணும் என்ன கனம் தெரியுமா? நல்லவேளை, நாற்பது வாங்கினோம்,” என்றது படகு. “உன்னை நம்பியிருந்தா இந்தக் கனத்தோட நகர்ந்திருக்கவே முடியாது.”