தொட்டில் பக்கம் திருப்பு

"உன் மூஞ்சிய யாரும்மா கேட்டா? போனைத் தொட்டில் பக்கம் திருப்பு" என்றார் மாமியார்.

மருமகள் திருப்பினாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து வீடியோ காலில் அவள் முகத்துக்கு வேலை போய்விட்டது. போனைப் பிடிக்க ஒரு கை இருந்தால் போதும். அந்தக் கை சாப்பிட்டதா, தூங்கியதா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத அயல்நாட்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் அவள் தனியாகப் பெற்றாள், தனியாகக் குளிப்பாட்டினாள், தனியாக விழித்திருந்தாள். வளர்ப்பதற்கு மட்டும் தனியாக விடமாட்டோம் என்றார்கள். விசா, விமானம் எதுவும் இல்லாமல் மொத்தக் குடும்பமும் வீட்டுக்குள் வந்து உட்கார ஒரு போன் போதாதா?

இன்று வழக்கமான விசாரணை இல்லை, தீர்ப்பு நாள். குழந்தை நாளுக்கு நாள் இளைக்கிறது, இவளுக்கு வளர்க்கத் துப்பில்லை, அதனால் ஓரளவு வளரும்வரை குழந்தை ஊரில் தன்னிடம் இருக்கட்டும் என்பது மாமியார் கட்சி. வந்து தூக்கிப்போக நாத்தனார் தயார். கணவனோ, "எங்கம்மா கண்ணால பார்த்து என்ன சொல்றாங்களோ, அதுதான் முடிவு" என்று கைகழுவிவிட்டான்.

சொல்லிச் சொல்லி அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்று காலைகூட மகளின் தொடையையும் கன்னத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தன் கண்ணைத்தான் நம்புவதா, அவர்கள் கண்ணை நம்புவதா?

திரையில் மூன்று தலைகள். மாமியார், நாத்தனார், நடுவில் டாக்டர் சித்தப்பா. சித்தப்பா மருந்துக்கடையில் பில் போட்டு ஓய்வு பெற்றவர். டாக்டர் பட்டம் உறவினர்கள் பார்த்துக் கொடுத்தது.

"ஏன் இவ்வளவு இருட்டு?"

"ஜன்னல்ல வெயில் நேரா அடிக்குது அத்தை. திரையை இழுத்து விட்டிருக்கேன்."

"குல்லாவும் போர்வையும் போட்டு மூடி வெச்சிருக்கியே, மூஞ்சியாவது தெரியுற மாதிரி காட்டு... ஐயையோ! போன வாரம் பார்த்ததுல பாதிதான் இருக்கா!"

"பாதியா அத்தை?"

"பின்ன? கன்னம் எங்க போச்சு? நீ கரைச்சுக் குடிச்சுட்டியா?"

"அண்ணி, இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்க" என்று நாத்தனார் திரைக்குள் முண்டியடித்தாள். "அம்மா, என்னையே பார்க்கிறாம்மா! அத்தையை அடையாளம் தெரியுது பாரு. 'என்னைக் கூட்டிட்டுப் போயிடு'ன்னு கண்ணாலயே கெஞ்சுறா."

"அப்படியா சொல்றா?" என்றாள் மருமகள். "என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"உன்கிட்ட எப்படிச் சொல்லுவா? ரத்த பாசம்னு ஒண்ணு இருக்குல்ல. மூக்கைப் பாரு, அச்சு அசலா நம்ம வீட்டு மூக்கு" என்றார் மாமியார்.

பத்து மாதம் சுமந்தவளின் ரத்தம் எந்தக் கணக்கில் வரும் என்று மருமகள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் சித்தப்பா ஒரு மாத்திரை சொல்வார்.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினார். "கலரைக் கவனிச்சீங்களா? வெளுத்துப் போயிருக்கு. உடம்புல ரத்தமே இல்ல."

"நிச்சயமா சித்தப்பா?"

"என் சர்வீஸ்ல எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! இவ்வளவு பேர் சத்தம் போடுறோம், ஒரு சிணுங்கல் உண்டா? அழக்கூடத் தெம்பில்லம்மா."

"போன வாரம் அழுதப்போ, 'பால் பத்தலை, அதான் அழுறா'ன்னு சொன்னீங்க."

"அப்போ அழத் தெம்பு இருந்துச்சு. இப்போ அதுவும் போச்சு."

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஒரு கண்ணால் அழுதாலும் மறு கண் தொட்டிலை விட்டு நகரவில்லை. "பச்ச மண்ணை இப்படிப் பட்டினி போட்டிருக்கியே, உனக்கு மனசு இருக்கா? நீ புத்தகம் படிச்சுப் புள்ள வளர்க்கிற லட்சணம் இதுதானா? என் பையன் எங்க?"

"வெளியே போயிருக்கார். வர்ற நேரந்தான்."

"வரட்டும். அவன் முன்னாடியே சொல்றேன். இந்தக் குழந்தை இனி ஒரு நாள்கூட உன்கிட்ட இருக்கக் கூடாது."

"நல்லாப் பார்த்துட்டுத்தான் சொல்றீங்களா அத்தை? அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"மூணு பேர் பார்த்தாச்சு. ஆறு கண்ணும் பொய் சொல்லுமா? இந்தக் குழந்தை இங்க வந்தாதான் பிழைக்கும்."

வாசல் கதவில் சாவி திரும்பியது. "தோ, வந்துட்டார்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், "கேட்டியாடா, இந்தக் குழந்தை உடம்புல சொட்டு ரத்தமில்ல, டிக்கெட் போடப் போறோம்!" என்று போனிலிருந்து மாமியார் குரல் கூடம் வரைக்கும் பாய்ந்தது.

கணவன் உள்ளே வந்தான். அவன் நெஞ்சோடு கட்டியிருந்த துணிப்பைக்குள்ளிருந்து இரண்டு கொழுத்த கால்கள் வெளியே நீட்டி உதைத்தன. க்ளினிக்கில் நிறுத்துப் பார்த்ததில் மகளின் எடை நன்றாக ஏறியிருக்கிறது என்ற செய்தி இன்னும் அவன் வாயிலேயே இருந்தது.

"உங்கம்மா கண்ணால பார்த்துச் சொல்லிட்டாங்க, அனுப்பிட வேண்டியதுதான்" என்ற மருமகள், பிரசவத்துக்கு முன் குளிப்பாட்டிப் பழக வகுப்பில் கொடுத்த ரப்பர் பொம்மையைத் தொட்டிலிலிருந்து ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "டிக்கெட்டெல்லாம் எதுக்கு அத்தை? பார்சல்லயே போட்டுடறேன்."