எழுபதைத் தாண்டினால்

"எழுபதைத் தாண்டுனா வண்டி இழுக்க மாட்டேங்குது. காரணம் மட்டும் தெரிஞ்சாப் போதும்," என்றார் சிலுவைமுத்து. டேங்க் நசுங்கிய, நாற்பது வருடத்துப் பைக்.

ராமநாதபுரத்து மெக்கானிக் நாகூர்கனி பிளக்கை மாற்றினான். கார்புரேட்டரைக் கழுவினான். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினான்.

"மெதுவாப் போனா ஒண்ணும் இல்லண்ணே. முறுக்குனாத்தான் படுத்துருது."

கடைசியில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு நீலத் துணி.

"இதாண்ணே. மெதுவாப் போகையில சும்மா கிடக்கும். முறுக்குனா காத்து இழுத்து, குழாய் வாயை அடைச்சிரும். இதை யாரு இங்கன வச்சது?"

மாதா கோயிலில் மந்திரித்த துணி. படகு இன்ஜின் பெட்டிக்குள் வைக்க, மனைவி செபஸ்தியம்மாள் வருடாவருடம் வாங்கி வருவாள். இதன் ஓரத்தில் சிவப்பு நூலால் மகன் கிளாட்சனின் பெயரைத் தைத்திருந்தாள்.

சிலுவைமுத்து அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இனி நூறுலயே போகலாம்ணே."

"இனி யாரு ஓட்டப்போறா?"

தங்கச்சிமடம் வீட்டில், கிளாட்சன் படத்தின் முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. பாம்பன் பாலத்தில் லாரியை முந்தும்போது வண்டி இழுக்காமல், எதிரே வந்த பஸ் உரசி விழுந்து அவன் செத்து நாற்பது நாள் ஆகிறது. "வண்டி இழுக்கலைன்னு பிள்ளை எத்தனை தடவை சொன்னான், நீங்க காதுல வாங்குனீங்களா?" என்று செபஸ்தியம்மாள் அழாத நாள் இல்லை.

"மெக்கானிக் என்ன சொன்னான்?" என்றாள்.

அவர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"பிளக்குதான். அன்னைக்கே நான் மாத்திக் குடுத்திருக்கணும்."